கிரவுன் ஆயில் மாற்றியதும் திருப்பத்தில் கடகட சத்தமா? எல்.எஸ்.டி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் ஹாண்டில் வாங்கிய பழைய எஸ்யூவியை எடுத்துக்கொண்டு முதல்முறை அங்கே கிளம்பினேன். மலைக்குப் போகிறோமே என்று முந்தின நாள்தான் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் கிரவுன் எல்லாவற்றுக்கும் புது ஆயில் ஊற்றியிருந்தேன். பொள்ளாச்சி வரை ஒரு குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் கடகடகடவென்று ஆரம்பித்துவிட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருப்பதாகப் பின்சீட்டில் இருந்த அம்மா சொன்னார். ஒன்பதாவது வளைவில் இருக்கும் வியூ பாயிண்டில் நிறுத்தி டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

ஆயில் மாற்றிய மெக்கானிக் கிரவுனை இறக்க வேண்டும் என்றார். இன்னொரு வயதான மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த ஆயில் ஊத்துனீங்க?" அதற்கான ஆயிலை வாங்கி மாற்றினோம். சத்தம் போய்விட்டது. கிரவுன் இறங்கவே இல்லை.

இந்தக் கதையைப் பத்துப் பேரிடம் சொன்னதன் பலன், இப்போது யாருக்குப் பின் ஆக்ஸிலில் சத்தம் வந்தாலும் எனக்குத்தான் போன். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

எல்.எஸ்.டி.ன்னா என்ன அண்ணா? சாதா கிரவுனுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்வதுதான் டிஃபரன்ஷியல். நம் ஊரில் மொத்தத்தையும் சேர்த்துக் கிரவுன் என்கிறோம். சாதா டிஃபரன்ஷியலில் ஒரு வம்பு உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வெறுமனே சுற்றும், தரையில் பிடிப்போடு இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும்.

இதைக் குறைக்க வந்ததுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி. பரவலாக இருக்கும் வகையில், சக்கரத்தின் ஆக்ஸிலைச் சுற்றுகிற சைடு கியருக்குப் பின்னால் பைக் கிளட்ச் மாதிரி சிறு பிளேட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்று விட்டு ஒன்று வெளிக்கூடான கேஸோடு சேர்ந்து சுற்றும், மற்றவை சைடு கியரோடு சுற்றும். ஸ்பிரிங் இவற்றை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு சக்கரம் தனியாக ஓடப் பார்த்தால் பிளேட்டுகளின் உராய்வு அதைப் பிடித்து இழுத்து, கொஞ்சம் பலத்தை அடுத்த சக்கரத்துக்குத் தள்ளிவிடும். அந்தப் பிளேட்டுகள் முழுக்க கிரவுன் ஆயிலில்தான் ஊறிக் கிடக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதில்களில் பாதி இதிலிருந்துதான் வரும்.

என் வண்டில எல்.எஸ்.டி. இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் வண்டியோடு வந்த புத்தகம். பிறகு ஹவுசிங், அதாவது கிரவுனை மூடியிருக்கும் இரும்புக் கூடு. பல வண்டிகளில், அதிலும் ஜப்பான் வண்டிகளில், ஆயில் ஊற்றும் ஓட்டையை மூடுகிற ஃபில்லர் பிளக் பக்கத்தில் எல்.எஸ்.டி. ஆயில் மட்டும் ஊற்றச் சொல்லும் ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். இருபது வருடச் சேறு அதன்மேல் அப்பியிருக்கும், வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். என் வண்டியிலும் இருந்தது. ஆயில் மாற்றிய அன்று யாரும் தேய்க்கவில்லை.

கையால் பார்க்கவும் வழி உண்டு. சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரமும் அதே திசையில் சுற்றினால் பிளேட் வகை எல்.எஸ்.டி., நல்ல நிலையில் இருக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதா டிஃபரன்ஷியல். பிளேட் முழுக்கத் தேய்ந்த எல்.எஸ்.டி.யும், பின்னால் சொல்லப்போகும் வேறு இரண்டு வகைகளும்கூட எதிர்த் திசையில் சுற்றும். அதனால் இந்த ஒரு சோதனையை வைத்து எல்.எஸ்.டி. இல்லை என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

விளம்பரத்தில் வரும் எலக்ட்ரானிக் எல்.எஸ்.டி., பிரேக் லாக்கிங் போன்றவை வேறு சங்கதி. வீணாகச் சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு அது. பல வண்டிகளில் அதன் பின்னால் சாதா டிஃபரன்ஷியல்தான் இருக்கும், அங்கே பிளேட் சத்தம் வர வழியே இல்லை.

ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி சத்தமே இல்ல. புது ஆயில் ஊத்தினா நல்லாத்தானே ஆகணும்? எப்படி சத்தம் வருது?

வீட்டில் பீரோவைத் தள்ளி நகர்த்தியிருப்பீர்கள். முதலில் அசையவே அசையாது. மூச்சைப் பிடித்துத் தள்ளினால் சட்டென்று ஒரு அடி போகும், உடனே நிற்கும், மறுபடி தள்ள வேண்டும். நிற்கிற பொருளை அசைக்க அதிக பலம் வேண்டும், அசைந்த பிறகு குறைந்த பலம் போதும் என்பதால் வருகிற வினை. தரையில் டர்ர்ரென்று ஒரு சத்தமும் வரும். பீரோவுக்கு அடியில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

பிளேட்டுகளும் அப்படித்தான். வண்டி மெதுவாகத் திரும்பும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று நகர வேண்டும். எல்.எஸ்.டி.க்கென்றே வரும் எல்.எஸ். ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் இருக்கும். நம் ஈரச்சாக்கு அதுதான். நகரத் தொடங்கும் நேரத்து உராய்வைக் குறைத்து, பிளேட்டுகளைச் சீராக வழுக்க வைக்கும். சாதா கியர் ஆயிலில் அது இருக்காது. அதனால் பிளேட் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடப்பதுதான் நீங்கள் கேட்கிற கடகட. ஆக்ஸில் ஹவுசிங் நீளமான இரும்புக் குழாய் என்பதால் சின்னச் சத்தத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரி எடுத்துக்கொடுக்கும்.

அந்தக் காலத்தில் இந்தச் சேர்மானத்துக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்த பிறகு செயற்கைச் சேர்மானங்கள் வந்தன. மாடிஃபையர் பாட்டிலைத் திறந்தால் வருகிற நாற்றத்தை முகர்ந்தால், திமிங்கிலம் இன்னும் உள்ளேதான் இருக்கிறதோ என்று தோன்றும்.

இது பிளேட் சத்தம்தானா, வேற ஏதாவது கழண்டுச்சான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். போனில் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். அதில் காற்றும் ஹாரனும்தான் கேட்கிறது. "எப்போ வருது?" என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

வண்டியைப் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்குங்கள். பிளேட் சத்தம் குளிர்ந்த ஆயிலில் ஒளிந்துகொண்டு, சூடேறியபின் வெளியே வரும் வழக்கமுடையது. காலியான மைதானத்துக்குப் போய் ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் ஊர்ந்து வட்டமடியுங்கள். கடகட அல்லது டர்ர்ர் என்று வந்து, ஸ்டீயரிங்கை நேராக்கியதும் நின்றுவிட்டால், பின்சீட்டின் அடியில் அதிர்வாகவும் உணர்ந்தால், பிளேட்தான். இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் வரும்.

மற்றவற்றின் குணம் வேறு. நேர் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஊய்ங்கென்று வந்து, ஆக்சிலரேட்டரை விட்டால் சுருதி மாறினால் கிரவுன் பினியன் (கிரவுன் சக்கரமும் அதைச் சுற்றுகிற சிறு கியரும்) பல் சேர்க்கையையோ பினியன் பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் உறுமல், ஒருபக்கம் வளைத்தால் அதிகமாகி மறுபக்கம் வளைத்தால் குறைந்தால் வீல் பேரிங். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரே ஒரு "டங்" என்றால் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ் தேய்மானமோ கிரவுன் பினியனில் ப்ளே (பல் இடைவெளி) அதிகமோ. ஒரு சுற்றுக்கு ஒருமுறை "டக்" "டக்" என்று தாளம் தப்பாமல் வந்தால் பல் உடைந்திருக்கலாம். அப்போது மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

எங்க மெக்கானிக் "90 நம்பர் ஆயில்தான் ஊத்தினேன், எல்லா வண்டிக்கும் அதான்"னு சொல்றார். அது தப்பா சார்?

தப்பு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. 90 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிற எண். 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 எல்லாம் அந்தக் கணக்குதான். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இருப்பது பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் எவ்வளவு பாதுகாப்புக் கொடுக்கும் என்பதற்கான தரம். கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 கேட்பார்கள். இந்த இரண்டும் பொருந்தினாலும் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: டப்பாவில் எல்.எஸ். அல்லது லிமிடெட் ஸ்லிப் என்று போட்டிருக்கிறதா என்பது. 90 நம்பரிலேயே எல்.எஸ். உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு.

மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். அவர் கைக்கு வருகிற நூறு வண்டியில் ஒன்றிரண்டில்தான் எல்.எஸ்.டி. இருக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் அந்த 90 நம்பர் போதும். "அண்ணே, இது எல்.எஸ்.டி. கிரவுன், இந்த டப்பாதான் ஊத்தணும்" என்று ஆயிலை நாமே வாங்கிக் கையில் கொடுத்துவிடுவது சுலபம். ட்ரம்மிலிருந்து அளந்து ஊற்றுகிற ஆயிலுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது என்ன ஆயில் என்று ஊற்றுகிறவருக்கே தெரியாது.

நான் எல்.எஸ். ஆயில்தான் ஊத்தினேன், டப்பாவே கைல இருக்கு. அப்பவும் லேசா சத்தம் வருதே?

எட்டுப் போட்டீர்களா? லைசென்ஸ் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் போட்ட அதே எட்டுதான். பழைய ஆயிலை வடித்தாலும் பிளேட்டுகளின் இடுக்கில் இருப்பது வெளியே வராது. புது ஆயில் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நகர வேண்டும். நேர் ரோட்டில் நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் அவை நகராது. அதற்குத்தான் எட்டு. சூடான வண்டியில், முதல் கியரில், மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாகப் பத்துப் பன்னிரண்டு முறை போடுங்கள். மேலே சொன்ன வண்டியில் ஏழாவது எட்டில் சத்தம் தேய ஆரம்பித்தது. பத்தாவதில் நானே நம்பாமல் ஜன்னலை இறக்கிவிட்டுக் காதை வெளியே நீட்டிப் பார்த்தேன். (பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.)

எட்டுப் போட்டு, இரண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டியும் லேசாக மிச்சமிருந்தால் மாடிஃபையரைத் தனியாகச் சேர்க்கலாம்.

மாடிஃபையர் எவ்வளவு ஊத்தணும்? கொஞ்சம் கூட ஊத்தினா இன்னும் நல்லதுதானே?

நல்லதில்லை. மாடிஃபையர் அதிகமானால் பிளேட்டுகள் பிடிக்கவே பிடிக்காது. சத்தம் சுத்தமாகப் போய்விடும், சேற்றில் மாட்டும்போது எல்.எஸ்.டி.யும் சாதா கிரவுன் மாதிரியே நிற்கும். அதிகமாக ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை, மொத்த ஆயிலையும்தான் வடிக்க வேண்டும்.

புத்தகத்தில் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, ஃபோர்டு தன் எல்.எஸ்.டி. கிரவுன்களுக்கு எக்ஸ்.எல்.-3 என்ற பெயரில் விற்ற பாட்டில் 118 மில்லி. இரண்டு லிட்டர் ஆயில் பிடிக்கிற கிரவுனில் அது ஏறத்தாழ 6 சதவீதம். ஏற்கெனவே எல்.எஸ். என்று போட்டிருக்கும் ஆயிலில் மாடிஃபையர் கலந்தே வரும். அதன்மேல் முழுப் பாட்டிலையும் கவிழ்க்காதீர்கள். 30 மில்லி சேருங்கள், எட்டுப் போடுங்கள், ஒரு நாள் ஓட்டுங்கள், போகவில்லை என்றால் இன்னொரு 30. பொறுமை இல்லாதவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊற்றுகிற அளவுக்குக் கிரவுனிலிருந்து ஆயிலை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லெவல் ஏறிவிடும்.

தப்பான ஆயிலை எடுத்துட்டு மறுபடி ஊத்தணும். டீசல் விட்டுக் கழுவணும்ங்கறாங்களே?

வேண்டாம். டீசலோ மண்ணெண்ணெயோ விட்டால் அதுவும் அதே பிளேட் இடுக்கில் தங்கிப் புது ஆயிலை நீர்க்க வைக்கும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சூட்டோடு வடித்து, அரை மணி நேரம் சொட்ட விடுங்கள். அதுவே போதும். முதல் முறை முழுக்கச் சரியாகவில்லை என்றால் ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொருமுறை மாற்றலாம்.

ஒரு விஷயம். கீழே உள்ள ட்ரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலை எல்லாம் வடித்த பிறகு ஃபில்லர் துருப்பிடித்து வரவில்லை என்றால், காலிக் கிரவுனோடு வண்டி நடு ஷெட்டில் நிற்கும். ஊற்றும்போது வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும். ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கினால் போதும். சில வண்டிகளுக்கு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தச் சொல்வார்கள், அதைப் புத்தகத்தில் பாருங்கள். மேலே காற்று போய்வர இருக்கும் பிரீதரில் சேறு அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்துவிடுங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஆக்ஸில் சீல் வழியாக ஆயில் கசிந்து பிரேக் ட்ரம்முக்குள் போகும்.

ப்ரோ, என்னோடது மஹிந்திரா தார். சேத்துல ஒரு வீல் சுத்துச்சு, திடீர்னு "டொக்"குன்னு பெரிய சத்தம். ஆயில் மாத்தினதாலயா?

இல்லை, அது வேலை செய்கிற சத்தம். 2020-இல் வந்த தாரின் சில வகைகளில் இருப்பது மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல். எல்.எஸ்.டி. மாதிரி எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்காது. சாதாரணமாகத் திறந்தே இருக்கும். இரண்டு சக்கரத்தின் வேகமும் அதிகமாக வேறுபட்டால் உள்ளே இருக்கிற சிறு எடைகள் விசிறி விரிந்து கொக்கி மாட்டி, பிளேட்டை அழுத்தி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இதே கொள்கையில் ஓடும், ஈட்டன் கம்பெனியின் லாக்கரில் அந்த வேறுபாடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று. பூட்டும்போது வருவதுதான் அந்த "டொக்". கையால் சுற்றிப் பார்க்கும் சோதனையில் எதிர்த் திசையில் சுற்றும் வேறு வகை என்றேனே, ஒன்று இதுதான்.

இதற்கு மாடிஃபையர் ஊற்றலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். புத்தகத்தில் சொல்லாவிட்டால் ஊற்றாதீர்கள். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தன் வண்டிகளில் ஜி80 என்ற பெயரில் போட்ட ஈட்டன் லாக்கருக்கு மாடிஃபையர் சேர்க்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

டார்சன் டைப்னு சொல்றாங்களே, அதுக்கும் எல்.எஸ். ஆயில் வேணுமா? விஸ்கஸ்னா?

டார்சன் வகை முழுக்கப் பல்சக்கர வேலை. புழு கியர், சாய்ந்த பல் கியர் இவற்றின் உராய்வை வைத்தே பலத்தைப் பிரிக்கிறது. மாடிஃபையருக்கு அங்கே வேலை இல்லை, புத்தகம் சொல்லும் ஆயில் போதும். எதிர்த் திசையில் சுற்றும் இரண்டாவது வகை இது. விஸ்கஸ் வகையில் பிளேட்டுகள் இருந்தாலும் அவை சிலிக்கோன் திரவத்தோடு தனி டப்பாவுக்குள் சீல் செய்யப்பட்டிருக்கும், நீங்கள் மாற்றுகிற ஆயில் அவற்றைத் தொடாது. இந்த இரண்டு வகையிலும் ஆயில் மாற்றியதும் கடகட என்றால் முதலில் லெவலைப் பாருங்கள், அப்புறம் வேறு இடத்தில் தேடுங்கள்.

எனக்குத் திருப்பத்துல ஒண்ணும் இல்ல. ஆயில் மாத்தினதுக்கப்புறம் நேர் ரோட்டுல 60-க்கு மேல ஊளையிடுது.

இது எல்.எஸ்.டி. சம்பந்தப்பட்டது இல்லை. இன்றே லெவலைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை மடக்கி உள்ளே விட்டால் நுனி நனைய வேண்டும். நனையவில்லை என்றால் ஆயில் குறைவு. மேட்டில் நிறுத்தி ஊற்றினால் இப்படி ஆகும். ஆயில் குறைவாக ஓடினால் முதலில் அடிவாங்குவது பினியனின் முன் பேரிங்.

லெவல் சரியாக இருந்தால், முன்பு 140 நம்பர் இருந்து இப்போது 90 ஊற்றினார்களா என்று கேளுங்கள். கெட்டி ஆயில் தேய்ந்த கிரவுனின் ஊளையை அமுக்கி வைத்திருக்கும். செகண்ட் ஹாண்ட் வண்டியை விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படியானால் உங்கள் ஆயில் மாற்றம் எதையும் கெடுக்கவில்லை, மறைத்து வைத்திருந்ததைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஒரே எல்.எஸ். ஆயிலை கியர்பாக்ஸ்லயும் முன் ஆக்ஸில்லயும் ஊத்திடலாமா? மீதி இருக்கு.

முன் ஆக்ஸிலில் சாதா டிஃபரன்ஷியல் இருந்து, கெட்டியும் தரமும் பொருந்தினால் தாராளமாக ஊற்றலாம். மாடிஃபையர் அங்கே நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றவே கூடாது. கியர் மாற்றும்போது சிங்க்ரோ ரிங் உராய்ந்துதான் வேகத்தைச் சமப்படுத்துகிறது. அந்த உராய்வையே மாடிஃபையர் குறைத்துவிட்டால் ஒவ்வொரு கியருக்கும் கர்ர்ர். மீதியை மூடிவைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்துங்கள்.

வடிச்ச ஆயில் கன்னங்கரேல்னு இருக்கு. பிளக் காந்தத்துல சாம்பல் மாதிரி ஒட்டியிருக்கு. போச்சா?

போகவில்லை. பிளேட் தேய்மானம் கலந்து எல்.எஸ்.டி. ஆயில் சாதா கிரவுன் ஆயிலைவிடச் சீக்கிரம் கறுக்கும். காந்தத்தில் ஒட்டியிருப்பதை இரு விரலில் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி வழவழவென்று இருந்தால் எல்லாக் கிரவுனிலும் இருப்பதுதான். விரலில் குத்துகிற சிலும்பு, பல்லின் துண்டு, மெல்லிய தகட்டுத் துணுக்கு ஏதாவது இருந்தால்தான் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் இப்படிக் காண்பது சகஜம், உடனே மாற்றுங்கள்.

ஆயில் சரி, எட்டும் போட்டாச்சு. பின்னாடி ஒரு டயர் மட்டும் புதுசு போட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, பலருக்கும் தோன்றாத இடம் இது. புது டயரின் சுற்றளவு தேய்ந்ததைவிட அதிகம். அதனால் நேர் ரோட்டிலும் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் ஓடும், பிளேட்டுகள் ஓய்வே இல்லாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். சூடேறி ஆயிலும் கெடும், பிளேட்டும் தேயும். எல்.எஸ்.டி. வண்டியில் பின் டயர்களை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். காற்றையும் சமமாக வையுங்கள். ஸ்டெப்னி அளவு வேறாக இருந்தால் பஞ்சர் கடை வரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.

ஃபோர் வீல் போட்டு திருப்பும்போதுதான் வண்டி இழுத்து இழுத்து "டக் டக்"குங்குது. டூ வீல்ல ஒண்ணும் இல்ல.

எங்கே ஓட்டினீர்கள்? தார் ரோட்டில் என்றால் கிரவுன்மேல் பழி இல்லை. பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் நடுவில் எந்த டிஃபரன்ஷியலும் இல்லாமல் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. மொத்த லைனும் முறுக்கேறி விடுபடுகிற சத்தம் அது. ஃபோர் வீலை எடுத்துவிட்டு அதே திருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு வீலை மட்டும் ஜாக்கில தூக்கி, கியர் போட்டு சுத்தவிட்டு சத்தத்தைக் கேட்கலாமா?

கூடவே கூடாது. சாதா கிரவுனில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும் என்ற பழக்கத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள். எல்.எஸ்.டி.யில் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் பலம் போகும், வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து ஓடும். கீழே ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை. இன்ஜினோடு ஒட்டிய எந்தச் சோதனைக்கும் இரண்டு சக்கரங்களும் மேலே, ஸ்டாண்டில், லிஃப்ட் உள்ள ஷெட்டில்.

எல்லாம் செஞ்சாச்சு, சத்தம் போகல. இப்பவாவது கிரவுனை இறக்கலாமா?

அதற்கு முன் பலத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஒரு பின் சக்கரம் தரையில், இன்னொன்று மேலே. மேலே உள்ள சக்கரத்தை டார்க் ரெஞ்சால் சுற்றும்போது எந்த அளவில் பிளேட் விடுகிறது என்று பார்ப்பார்கள். வண்டியின் ஒர்க்‌ஷாப் புத்தகம் சொல்லும் அளவுக்கு மிகக் கீழே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. அளவு சரியாக இருந்தும் கடகட நிற்கவில்லை என்றால், தப்பான ஆயிலில் ரொம்ப நாள் ஓடி பிளேட்டின் மேற்பரப்பு கருகிப் பளபளத்துப் போயிருக்கலாம். இரண்டிலும் பிளேட் செட் மாற்ற வேண்டியதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பிளேட் மாற்றுகிறவருக்கு எல்.எஸ்.டி. பழக்கம் இருக்க வேண்டும். பிளேட் அடுக்கும் வரிசை, இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் தகட்டின் கனம், எல்லாவற்றையும் பூட்டிய பிறகு கிரவுன் பினியன் ப்ளே, மூன்றும் கணக்காக இருக்க வேண்டும். புதுப் பிளேட்டுகளைப் பூட்டுவதற்கு முன் எல்.எஸ். ஆயிலில் ஊறவைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்கு" என்றால் வேறு ஷெட்.

அதுவரைக்கும் இந்தச் சத்தத்தோட ஓட்டலாமா? ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போறோம்.

திருப்பத்தில் வரும் கடகட மட்டும்தான், ஆயில் லெவலும் சரி என்றால் ஊருக்குள் சில நாள் ஓட்டுவதால் வண்டி நின்றுவிடாது. ஊளை, "டக் டக்" தாளம், கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சனிக்கிழமையே ஆயிலை மாற்றி, மைதானத்தில் எட்டுப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மைதானம் கிடைக்காவிட்டால் கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் போதும், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.